கால்வாய்ப் படகுத் தளங்களின் தரவரிசையைத் துரத்தி நான் இழந்தவை

2018 முதல் 2022 வரை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்தது ஓர் எண்ணைப் பார்ப்பதற்காகத்தான். கால்வாய்கள், படகுப் பயணங்கள் பற்றிய இணையத்தளங்களை வருகையாளர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் பிரித்தானியப் பட்டியல் ஒன்றில் என்னுடைய சிறு தளமும் இருந்தது. அங்கே ஞாயிறு நள்ளிரவில் வாரக் கணக்கு முடியும்போது கொழும்பில் திங்கள் காலை 5.30 ஆகியிருக்கும். கோடைகாலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால் 4.30 மணிக்கே விழிப்பு வைப்பேன். அந்த எண் இரண்டு இடம் ஏறியிருந்தால் அன்று அலுவலகத்தில் எனக்கு நல்ல நாள்; ஐந்து இடம் இறங்கியிருந்தால் யாரிடமும் முகங்கொடுத்துப் பேச மாட்டேன். இந்த எண்ணின் பின்னால் ஓடியதில் 260,000 ரூபாவுக்கு மேல் என் கையை விட்டுப் போனது. அதைவிட, எழுதியிருக்க வேண்டிய எத்தனையோ பக்கங்களை எழுதாமல் வாரவிடுமுறைகளைப் பாழாக்கினேன். சிறு தளம் நடத்தும் வேறொருவர் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கால்வாய்க் கரைக்கு ஐந்து நிமிட நடைதான். அந்தக் காலத்தில் கொழும்பின் கால்வாய்கள் வழியாகச் சரக்குத் தோணிகள் ஓடியதை அப்பா கதைகதையாகச் சொல்லுவார். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, 2017 இல் நம் நாட்டுக் கால்வாய்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தளம் தொடங்கினேன். ஆங்கிலேயர் 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்த ஹமில்டன் கால்வாய், அதற்கு முன்னரே ஒல்லாந்தர் அமைத்த நீர்வழிகள், முத்துராஜவெல சதுப்பு நிலம், நீர்கொழும்புக் களப்பு, பலப்பிட்டியில் மாது கங்கை என்று ஒவ்வோர் இடத்துக்கும் நானே போய், எங்கே படகு ஏறலாம், என்ன கட்டணம், எந்த மாதத்தில் ஆகாயத்தாமரை மண்டிப் படகு போகாது என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்து எழுதினேன். படகுக்காரர்களின் தொலைபேசி எண்களை அவர்களிடம் கேட்டுச் சேர்த்தேன். அதற்காக யாரிடமும் பணம் வாங்கவில்லை. பக்கங்களில் ஓடும் விளம்பரங்களிலிருந்து மாதம் சில டொலர் கணக்கில் சேரும், அவ்வளவுதான்.

2018 நடுப்பகுதியில் அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்துச் சேர்ந்தேன். அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்துத் தளங்கள். அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. ஏழடி அகலமே உள்ள நீண்ட ஒடுங்கிய படகுகளில் வாழ்கிறவர்களும், விடுமுறைக்கு அவற்றை வாடகைக்கு எடுக்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே இலங்கைக் கால்வாய் ஒன்றின் பெயரைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. முதல் வாரம் என் இடம் 140க்கு அப்பால். அங்கிருந்து மேலே ஏறுவதே இனி என் வேலை என்று அன்றே மனத்தில் எழுதிக்கொண்டேன். எல்லாத் தவறும் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது.

அந்தப் பட்டியல் எப்படிக் கணக்கிடுகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டேன். உறுப்பினர்களுக்கு ஒரு சிறு பொத்தான் படம் தருவார்கள். நம் பக்கத்தை ஒருவர் திறக்கும்போது அந்தப் படம் அவர்களுடைய சேவையகத்திலிருந்து, அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருந்து அனுப்பும் கணினியிலிருந்து, வரும். அப்படி வருவதைத்தான் ஒரு வருகையாக எண்ணுகிறார்கள். நான் அந்தப் பொத்தானை முகப்புப் பக்கத்தில் மட்டும் வைத்திருந்தேன். ஆனால் கூகுளில் தேடி வருகிறவர்கள் முகப்புக்கு வருவதில்லை. தாங்கள் தேடிய பக்கத்துக்கே நேராக வந்து, படித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வருகையாளரில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. பொத்தானை எல்லாப் பக்கங்களிலும் வைத்த வாரத்தில் 112 ஆம் இடத்திலிருந்து 71 ஆம் இடத்துக்குப் போனேன். புதிதாக ஓர் ஆள்கூட வரவில்லை. எண்ணும் விதம் மட்டும் மாறியது. அன்று எனக்குப் புத்தி தெளிந்திருக்க வேண்டும். நானோ அலுவலகத்தில் எல்லோருக்கும் பட்டிஸ் வாங்கிக் கொடுத்தேன்.

எண்ணும் விதத்தில் வேறு சிக்கல்களும் உண்டு. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் உலாவியில் வெளித்தளத்துப் பொத்தான் பல வேளைகளில் வருவதே இல்லை, அவர்கள் எண்ணப்படுவதில்லை. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐ.பி. முகவரி; கைத்தொலைபேசி இணைப்பில் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல பேர் பகிர்ந்துகொள்வது சாதாரணம். முகவரியை வைத்து ஆளை எண்ணும் கருவிக்கு வெள்ளவத்தையிலும் மருதானையிலும் தனித்தனியே என் பக்கத்தைப் படிக்கும் இருவர் ஒருவராகத் தெரியலாம். வீட்டு இணைப்பில் மோடத்தை நிறுத்தி மீண்டும் போட்டால் முகவரி மாறிவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது ஒரே ஆள் இருவராகிறார். நான் என் தளத்தை நாளுக்கு இருபது முறை திறந்து பார்த்த காலத்தில், என்னையே எத்தனை தடவை வருகையாளராக எண்ணியிருப்பார்களோ! எந்த ஒரு வரிசையைப் பார்த்தாலும், அதில் எண்ணப்படுவது என்ன, யார் விடுபடுகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த வரிசையை மறந்துவிடலாம்.

இன்னொன்றையும் அப்போது நான் யோசிக்கவில்லை. பட்டியலின் முதல் பத்து இடங்களில் எப்போதும் இருந்தவை கலந்துரையாடல் தளங்களும் படகில் வாழ்கிறவர்களின் நாட்குறிப்புத் தளங்களும்தான். அவற்றின் வாசகர்கள் நாள்தோறும் வருகிறவர்கள். ஒரு குடும்பம் முத்துராஜவெலவுக்குப் படகில் போக நினைத்தால் என் தளத்துக்கு ஒரு தடவை வரும், படகுக்காரரின் தொலைபேசி எண்ணை எடுக்கும், போய்விடும். அந்தக் குடும்பம் மீண்டும் வராமலிருப்பது என் பக்கம் அதன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம். தினமும் வாசகர் வந்து போகும் வாசிகசாலையோடு, ஊருக்குப் போகிறவர் ஒரு தடவை வழி கேட்டுப் போகும் மூலைக்கடையை ஒப்பிட்டு, கடைக்காரர் தோற்றுவிட்டார் என்று சொல்வது போன்ற ஒப்பீடு அது.

பருவமும் அப்படித்தான். இங்கிலாந்தில் கால்வாய்ப் பருவம் ஈஸ்டரில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். நம் மேற்குக் கரையில் நல்ல பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இங்கே இறங்கும்போது அங்கே படகுகள் கரையை விட்டுப் புறப்படுகின்றன. அதனால் என் இடம் ஒவ்வொரு ஜூனிலும் சரிந்தது, ஒவ்வொரு டிசம்பரிலும் ஏறியது. இரண்டுக்கும் என் எழுத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஜூனில் சரிந்தபோது பீதியடைந்து தளத்தின் வடிவமைப்பை இரண்டு தடவை மாற்றினேன், பக்கத் தலைப்புகளைத் திருத்தினேன், நன்றாக இருந்த பக்க முகவரிகளைக் கலைத்தேன். போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவதை விட்டு, போன வருடத்தின் இதே வாரத்தோடு ஒப்பிட்டிருந்தால் அந்தக் கைவேலைகள் ஒன்றும் நடந்திருக்காது.

2019 ஏப்ரலைப் பற்றி எழுதாமல் விடவும் மனம் வரவில்லை, எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்கு இலக்கான இடங்களில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயமும் ஒன்று. அடுத்த வாரம் உலகம் முழுவதிலுமிருந்து நீர்கொழும்பு என்ற பெயரைத் தேடியவர்களில் பலர் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். திங்கள் காலை பட்டியலைத் திறந்தேன். ஒரேயடியாக இருபது இடம் ஏறியிருந்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மகிழ்ந்தேன். பிறகு கணினியை மூடிவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் எண் கொடுத்திருந்த படகுக்காரர்கள் எல்லோரும் படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். வரிசை ஏறுவதற்கும் ஒரு படகு நகர்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம் என்பதை அன்று என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் நான் திருந்தவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

2020 முழுவதும் ஊரடங்கில் போனது. 2021 ஜனவரியில் விமான நிலையங்கள் மீண்டும் திறக்கப்படும் என்ற பேச்சு வந்தபோது, அதற்குள் முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேடுபொறிகளில் மேலே கொண்டுவருவதாகச் சொன்ன கொழும்பு நிறுவனம் ஒன்றை 2020 டிசம்பரில் அமர்த்தினேன். மாதம் 18,000 ரூபா. எழுத்தில் இருந்தது ஒற்றைப் பக்க விலைப்பட்டியல் மட்டும். எதை உயர்த்துவார்கள், எந்த எண்ணைக் கொண்டு அளப்பார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. என் கணக்குப் பிரிவில் இப்படியொரு பற்றுச்சீட்டு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் கடைசியில் என் ஆங்கிலப் பக்கங்கள் சரசரவென்று ஏறின. நிறுவனத்தார் வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை அனுப்பினார்கள்: எங்கள் உழைப்பு பலன் தரத் தொடங்கிவிட்டது என்று. நானும் நம்பி நன்றி எழுதினேன். பல வாரங்கள் கழித்துத்தான் கூகுளின் தேடல் கணக்கில் எந்தச் சொற்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று நானே பார்த்தேன். மார்ச் 23 ஆம் திகதி 400 மீற்றர் நீளமான எவர் கிவன் கப்பல் சுயெஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, 29 ஆம் திகதி வரை அந்த வழிக் கப்பல் போக்குவரத்தையே நிறுத்தி வைத்திருந்தது. உலகமே அந்த வாரம் கால்வாய் என்ற சொல்லைத் தேடியது. கால்வாய்கள் எப்படித் தூர்ந்துபோகின்றன என்று நான் எப்போதோ எழுதிய பக்கத்துக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி வந்து, அரை நிமிடம் நின்று, திரும்பிப் போயிருந்தது. கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற நான், அந்த வாரம் முழுவதும் தாமதமான கொள்கலன்களின் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் இதுவும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதே தேடல் கணக்கில் பல் வேர்ச் சிகிச்சையின் ஆங்கிலப் பெயரான 'ரூட் கெனால்' என்பதைத் தேடி (கெனால் என்றால் கால்வாய்) வந்து ஏமாந்தவர்களும் நிறைய இருந்தார்கள். ஏற்றத்தைக் கண்டால், எந்தச் சொல், எந்த நாடு, எந்தப் பக்கம் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, அந்த வாரச் செய்தித்தாளையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

அறிக்கைகளில் அவர்கள் பெரிதாகக் காட்டிய இன்னோர் எண், அலெக்சா என்ற சேவை உலகத்து இணையத்தளங்களுக்கெல்லாம் கொடுத்துவந்த தரவரிசை. 20 இலட்சத்துக்கு அப்பால் இருந்த என் தளம் இரண்டே மாதத்தில் 8 இலட்சத்துக்குள் வந்திருந்தது. அலெக்சா தன் கணக்கை எல்லா இணையப் பாவனையாளரிடமிருந்தும் எடுக்கவில்லை; கருவிப்பட்டை போன்ற நீட்சிகளை, அதாவது கூடுதல் சிறு நிரல்களை, உலாவியில் நிறுவியிருந்த ஒரு மாதிரிக் கூட்டத்திடமிருந்தே பெரும்பாலும் எடுத்தது. ஓர் இலட்சத்துக்குப் பிந்திய இடங்களை நம்பகமாகக் கொள்ள வேண்டாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஆழத்தில், கருவிப்பட்டை வைத்திருக்கும் பத்துப் பேர் தினமும் ஒரு தளத்தைத் திறந்தாலே போதும், இலட்சக்கணக்கான இடங்கள் ஏறிவிடும். நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஒரு நாள் நேரில் போயிருந்தபோது, வரிசையாக இருந்த கணினிகள் எல்லாவற்றிலும் அந்த நீட்சியின் சின்னத்தைப் பார்த்தேன். ஒன்றில் என் தளம் திறந்திருந்தது. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை, கேட்கத் துணிவும் வரவில்லை. மாதம் 18,000 ரூபா கொடுத்து அந்த அறையில் இருந்தவர்களை நான் வாசகர்களாக வாங்கியிருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

புரிந்த பின்னரும் நிறுத்தவில்லை. போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் மேலும் போட வைக்கிறது. மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் கடலில் தீப்பற்றி, நீர்கொழும்புக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கி, மீன்பிடிக்கும் தடை வந்தது. படகுப் பயணம் பற்றி யாரும் யோசிக்காத அந்த நேரத்தில், 15,000 ரூபாவுக்கு 50,000 வருகைகள் தரும் ஊக்கப் பொதி ஒன்றை நிறுவனத்தார் முன்வைத்தார்கள். ஒப்புக்கொண்டேன். அடுத்த திங்கள் அதிகாலை பட்டியலில் என் இடம் 38. என் தளம் கண்ட மிக உயர்ந்த இடம் அதுதான். அன்று மாலை வருகைக் கணக்குக் கருவியைத் திறந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. வந்தவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் உள்ள அஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து. தரவு மையங்கள் நிறைந்த ஊர் அது. எல்லோருக்கும் ஒரே அளவுத் திரை. பக்கத்தில் நின்ற நேரம் பூச்சிய வினாடி. ஒருவர்கூட இரண்டாவது பக்கத்துக்குப் போகவில்லை, ஒருவர்கூடப் படகுக்காரரின் எண்ணை அழுத்தவில்லை. வந்தவை எல்லாம் இயந்திரங்கள். இரண்டு வாரத்தில் விளம்பர நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: செல்லுபடியாகாத வருகைகள் காரணமாகக் கணக்கு முடக்கப்படுகிறது. கணக்கில் 92 டொலர் சேர்ந்திருந்தது. நூறைத் தொட்டால்தான் பணம் அனுப்புவார்கள். மூன்றரை வருடத்துச் சேர்ப்பு. மேன்முறையீடு எழுதினேன், ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது, பொய்யான கூட்டத்தை அழைத்து வந்தது நான்தான். வருகையை விலைக்கு வாங்காதீர்கள் என்பதை மட்டும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். போன பணம் போகட்டும். பின்னால் பார்க்கும் எல்லா எண்களிலும் அந்த அழுக்கு கலந்திருக்கும், எது உண்மையான ஆள் என்று பிரித்தெடுக்கவே முடியாது.

ஜூலையோடு நிறுவனத்தை நிறுத்தினேன். எட்டு மாதத்துக்கு 144,000 ரூபா. நிறுத்திய மறுநாள் வருகைக் கணக்கைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. தொடக்கத்தில் அவர்கள் புதிதாக ஒரு கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்து, எனக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்திருந்தார்கள். அந்த எட்டு மாதத் தரவு முழுவதும் அவர்களோடு போய்விட்டது. தளத்தின் பெயர்ப் பதிவு, சேவையகம், வருகைக் கணக்கு, தேடல் கணக்கு ஆகிய நான்கும் உங்கள் சொந்த மின்னஞ்சலில், உரிமையாளர் என்ற நிலையில் இருக்க வேண்டும். வெளியாருக்கு நீங்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும். அவர்கள் உங்களுக்குக் கொடுக்கும் நிலைமை ஒருபோதும் வரக்கூடாது.

அந்த டிசம்பரில் நீர்கொழும்புப் பக்கம் போனேன். என் பக்கத்தில் தொடக்கத்திலிருந்தே எண் கொடுத்திருந்த படகுக்காரர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கரையில் படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் என் தளத்திலிருந்து யாரும் வருகிறார்களா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். ஆட்களைக் கூட்டி வருகிற முச்சக்கரவண்டிக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கொமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்டுக் குறித்து வைப்பது அவர் வழக்கம். அடிமட்டம் வைத்துப் பேனையால் கோடு போட்டுப் பிரித்த நிரல்கள். முதல் நிரலின் மேலே ஹோட்டல், அடுத்ததில் திரீவீல், மூன்றாவதில் தங்கச்சி என்று எழுதியிருந்தது. தாளின் ஓரம் எண்ணெய்க்கை பட்டு மஞ்சளாகியிருந்தது.

"தங்கச்சிக்குக் கொமிஷன் இல்லைதான். ஆனா கணக்கு எண்டா கணக்குத்தானே," என்றார். பிறகு விரலால் கோடுகளைத் தொட்டு எண்ணினார். "இந்த வருஷம் உங்கட பேரைச் சொல்லி வந்தது பதினேழு கூட்டம்."

பதினேழு. நான் 38 ஆம் இடத்தில் இருந்த அந்த வாரத்துக்கு நேரே அந்த நிரல் வெறுமையாக இருந்தது. அதற்கு முந்திய வாரமும் வெறுமை, பிந்திய வாரமும் வெறுமை. கோடுகள் இருந்ததெல்லாம் நான் பட்டியலில் தொண்ணூறு, நூறு என்று கிடந்த வாரங்களில். வந்தவர்கள் எதைப் படித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் எப்படி வருவது என்று எழுதியிருக்கிற பக்கத்தைத் தொலைபேசியில் காட்டினார்களாம். கொழும்பிலிருந்து 240 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது, அங்கிருந்து முச்சக்கரவண்டிக்கு எவ்வளவு கேட்பார்கள், கைக்குழந்தையோடு போனால் எந்தத் துறையில் ஏறுவது சுலபம் என்று 2017 இல் ஒரு மாலையில் எழுதிய பக்கம் அது. நிறுவனத்தாரின் அறிக்கையில் பலவீனமான பக்கம், நீக்கலாம் என்று சிவப்பில் குறித்திருந்ததும் அதே பக்கம்தான்.

தரவரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்க மாதம் 29 டொலருக்கு நான் கட்டிவந்த ஒரு கண்காணிப்புச் சேவையை, அன்றைக்கே நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பழக்கதோஷம், 2022 ஏப்ரல் வரை இழுத்தேன். மார்ச்சில் ரூபா சரிந்ததும் 5,800 ரூபாவாக இருந்த தொகை 10,000 ரூபாவை நெருங்கியது. பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில், எரிவாயுவுக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து, தொலைபேசி வெளிச்சத்தில் கடனட்டைக் கணக்கைப் பார்த்தபோதுதான் கை தானாகவே ரத்துப் பொத்தானுக்குப் போனது. 14 மாதத்தில் அதற்கு மட்டும் 85,000 ரூபாவுக்குக் கிட்ட. மே முதலாம் திகதி அலெக்சாவும் தன் தரவரிசைச் சேவையை மூடிவிட்டது. எட்டு இலட்சத்துக்குள் வந்தேன் என்று நான் கொண்டாடிய எண்ணைச் சரிபார்க்கக்கூட இப்போது இடமில்லை.

இன்றைக்கு நான் செய்வது மிகக் கொஞ்சம். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். கூகுளின் தேடல் கணக்கு 16 மாதத்துக்கு மேல் தரவை வைத்திருக்காது என்பதால், ஒவ்வொரு மாதமும் தேடற்சொற்களையும் பக்கங்களையும் பதிவிறக்கி ஓர் அட்டவணையில் சேர்க்கிறேன். கூகுளின் பழைய வருகைக் கணக்குக் கருவி 2023 ஜூலை முதலாம் திகதியோடு எண்ணுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, என் சொந்தக் கணக்கில் இருந்த பழைய தரவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவர்கள் அதை அழித்தபோது எனக்கு நட்டம் இல்லை. புதிய கருவியில் விரிவான ஆய்வுக்கான தரவு இயல்பாக இரண்டு மாதமே சேமிக்கப்படும்; அமைப்பில் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். நிறுவிய அன்றே அதைச் செய்துவிடுங்கள். சேவையகத்தின் பதிவுக்கோப்பையும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். எந்தப் பொத்தானையும் நம்பாமல், யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று அது அப்படியே சொல்லும். என் வீட்டு இணைப்பைக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதைவிட, படகுக்காரரின் எண்ணை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பட்டியலிலிருந்து விலகவில்லை, அந்த மனிதர்களை எனக்குப் பிடிக்கும். பொத்தான் இப்போதும் அடியில் இருக்கிறது. இங்கிலாந்தில் லொக் கதவுகளை, அதாவது கால்வாயில் நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் அடைப்பின் கதவுகளை, கையால் திறப்பது எப்படி என்று எழுதுகிற ஒரு முதியவரின் தளத்தை அங்கேதான் கண்டெடுத்தேன், இன்றும் விடாமல் படிக்கிறேன்.

அண்ணனோடு சேர்த்து நான்கு படகுக்காரர்கள் இப்போது எனக்காக ஒரு நிரல் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கடைசியாக வந்த படங்களில் நான்கு கொப்பிகளிலும் சேர்த்து 41 கோடுகள். அவற்றில் 26 பஸ் பக்கத்திலிருந்து வந்தவை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைச் சிங்களத்திலும் எழுதித் தரும்படி அண்ணன் கேட்டிருக்கிறார். ஜா-எலவிலிருந்து வருகிற பிள்ளைகுட்டிக்காரர்கள் வழி கேட்டே களைத்துப்போகிறார்களாம். அலுவலகத்துத் தோழி ஒருத்தி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் பாதி முடிந்துவிட்டது, இந்த ஞாயிறு மிச்சத்தை எழுத உட்காருவேன்.